ஆக்ஸ்ஃபோர்ட் கோடைப் படிப்பு: கடைசி ஏழு நாளில் செய்ய வேண்டியவை

ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஆறு வாரக் கோடைப் படிப்புக்குப் போகிறவர்களிடம் முதல் வாரத்தைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த சிம் வாங்குவது, குளிருக்கு என்ன எடுத்துப்போவது, பருப்பும் அரிசியும் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் விமானம் ஏறுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். கடைசி வாரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. கடைசிக் கட்டுரை, மூட்டை கட்டுவது, வழியனுப்பு விருந்து, வீட்டில் எல்லோருக்கும் வாங்க வேண்டிய சாமான் என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. நேரில் பார்த்து விடைபெற வேண்டிய இரண்டு பேரைப் பார்க்காமலே நான் பஸ் ஏறினேன். அது இன்றும் மனதில் உறுத்துகிறது. அதனால், தெரிந்த பிள்ளைகள் யார் கிளம்பினாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்: அலுவல் வேலைகள் அத்தனையையும் முதல் ஐந்து நாளில் முடித்துவிடுங்கள். கடைசி இரண்டு நாளை மனிதர்களுக்கும் அந்த ஊருக்கும் விட்டுவையுங்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடக்கிற காலம் அக்டோபரில் தொடங்கி ஜூனில் முடிகிறது. எட்டெட்டு வாரமாக மூன்று பருவம். அதன்பின் வரும் நீண்ட விடுமுறையில் மாணவர் அறைகள் காலியாக இருப்பதால்தான் கல்லூரிகள் அவற்றைக் கோடைப் படிப்புகளுக்கும் மாநாடுகளுக்கும் வாடகைக்குத் தருகின்றன. ஒரு குழு காலி செய்த அன்றே அடுத்த குழு வந்து இறங்கும். அதனால் பெரும்பாலான இடங்களில் காலை 10 மணிக்குள் அறையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். "விமானம் ராத்திரிதானே, மதியம் வரை அறையில் இருக்கிறேன்" என்றால் நடக்காது. பெட்டிகளை மட்டும் வாசலில் உள்ள போர்ட்டர் லாட்ஜில் (கல்லூரிக் காவலர் அறையில்) வைத்துக்கொள்வார்களா என்று முதல் நாளே கேட்டுவையுங்கள். நான் இருந்த இடத்தில் சரி என்றார்கள்.

ஏழு நாளைக்கு முன்: நாட்காட்டியைப் பாருங்கள்

ஆகஸ்ட் கடைசியில் படிப்பு முடிகிறவர்கள் கவனிக்க வேண்டியது, இங்கிலாந்தில் ஆகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பொது விடுமுறை. பேங்க் ஹாலிடே என்பார்கள். அன்றைக்கு வங்கி கிடையாது, தபால் பட்டுவாடா கிடையாது, பஸ், ரயில் நேரங்களும் மாறும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையும் கையில் அதிகம் தங்காது. பெரிய கடைகள் ஞாயிறன்று ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பது அங்கே சட்டம்.

நான் இதில் மாட்டிக்கொண்டேன். ஆறு வாரத்தில் சேர்ந்த புத்தகங்கள் ஒன்பது கிலோ இருந்தன. திங்களன்று தபாலில் போட்டுவிட்டு செவ்வாய் காலை கிளம்பலாம் என்று அட்டைப்பெட்டியில் அடுக்கி, டேப் ஒட்டி, முகவரியும் எழுதி வைத்திருந்தேன். திங்கள் காலை தூக்கிக்கொண்டு போனால் தபால் நிலையம் பூட்டிக் கிடந்தது. திரும்பி வந்து பெட்டியைப் பிரித்து, எதை எடுத்துக்கொள்வது எதை விடுவது என்று தரையில் உட்கார்ந்து பிரித்தபோது கண் கலங்கிவிட்டது. பென்சில் குறிப்பு எழுதிய இரண்டு நூல்களையும் விட்டுவிட்டுத்தான் வந்தேன்.

ஆகவே புத்தகங்களை முதலில் கவனியுங்கள். துணிமணி எப்படியும் பெட்டிக்குள் அடங்கிவிடும், புத்தகம் அடங்காது. எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள். நம் ஊரில் கிடைக்கக்கூடியவை, நூலகத்தில் திரும்பப் படித்துக்கொள்ளக்கூடியவை ஒரு பக்கம், அவற்றை விட்டுவிடலாம். நீங்கள் குறிப்பெழுதியவை, ஊரில் கிடைக்காதவை கையோடு வர வேண்டும். மீதியைத் தபாலில் போடுங்கள். பிரிட்டனின் தபால் நிறுவனமான ராயல் மெயிலில் அச்சிட்ட நூல்களை வெளிநாட்டுக்கு அனுப்பத் தனிக் கட்டண வகை உண்டு, ஒரு பொட்டலம் 5 கிலோ வரை போகலாம். கவுன்ட்டரில் "பிரின்டட் பேப்பர்ஸ்" என்று கேளுங்கள். உள்ளே புத்தகம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஒரு சட்டையைச் சுருட்டி இடுக்கில் வைத்துவிடாதீர்கள். சுங்கப் படிவத்தில் உள்ளே இருப்பதன் பெயரையும் மதிப்பையும் உள்ளபடி எழுதுங்கள்.

விட்டுவிடப் போகிற நூல்களையும் நல்ல ஆடைகளையும் தொண்டுக் கடைகளில் கொடுக்கலாம். ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு 1942ல் இதே ஊரில் பிறந்ததுதான், பெயரிலேயே ஆக்ஸ்ஃபோர்ட் இருக்கிறது. பிராட் வீதியில் கடை, செயின்ட் ஜைல்ஸில் புத்தகங்களுக்கென்றே தனிக் கடை. தலையணை, போர்வை, மின்சாதனங்களைப் பல தொண்டுக் கடைகள் வாங்குவதில்லை, கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள். அங்கே வாங்கிய மின்கெட்டிலை ஊருக்குச் சுமக்க வேண்டாம். மூன்று தட்டைக் கால் வைத்த அந்தப் பிளக் நம் வீட்டுச் சுவரில் நுழையாது.

ஐந்து நாளைக்கு முன்: டியூட்டர், சான்றிதழ், கோப்புகள்

இந்தப் பகுதிதான் உங்கள் படிப்புக்கே உயிர். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் டுடோரியல் முறையில் ஒரு டியூட்டர் (பாடம் நடத்தும் ஆசிரியர்), எதிரே ஒன்றிரண்டு மாணவர், நடுவே நீங்கள் எழுதிய கட்டுரை. வாரா வாரம் உங்கள் வாதத்தை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். பிற்பாடு மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உங்களைப் பற்றி உருப்படியாக நாலு பத்தி எழுதக்கூடியவர் அவர். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் கடைசி டுடோரியல் முடிந்ததும் நேரில் கேளுங்கள். ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்து மின்னஞ்சலில் கேட்டால் அவருக்கு உங்கள் முகமே மங்கியிருக்கும். கேட்கும்போது, என்ன படிப்புக்கு, எந்த மாத வாக்கில் தேவைப்படும் என்பதையும் சொல்லுங்கள். "என் வேலையைப் பற்றி விரிவாக எழுத முடியும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்பது நல்லது. அவர் தயங்கினால் அதையும் மரியாதையோடு ஏற்றுக்கொள்ளுங்கள், ஒப்புக்கு எழுதிய கடிதம் எந்தத் தேர்வுக் குழுவையும் அசைக்காது.

கோடையில் பாடம் நடத்துகிறவர்களில் பலர் முனைவர் பட்டம் முடிக்கும் கட்டத்தில் இருப்பவர்கள், அல்லது ஓரிரு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர்கள். அடுத்த வருடம் வேறு நாட்டில் இருப்பார்கள். ஆகவே பல்கலைக்கழக மின்னஞ்சல் மட்டும் போதாது, நிரந்தரமான முகவரி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அவர் கைப்பட எழுதிய குறிப்புகளோடு கட்டுரைகள் இருந்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். எனக்கு அந்த ஓரக் குறிப்புகள்தான் ஆறு வாரத்தின் உண்மையான சம்பாத்தியம்.

அடுத்தது சான்றிதழ். இங்கே தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்து உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் சிலருக்கு அப்பா பெயர் இருக்கும், சிலருக்குத் தங்கள் பெயரே இருக்கும், சிலருக்கு வெறுமையாக இருக்கும். அலுவலகத்தில் உள்ளவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி அடித்துவிடுவார்கள். என் சான்றிதழின் முதல் நகலில் அப்பாவின் பெயர் முழுசாக வந்து, என் பெயர் ஒரே எழுத்தாகச் சுருங்கியிருந்தது. கிளம்புவதற்கு முந்தின வாரச் செவ்வாய்க்கிழமையே போய்ப் பார்த்ததால் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்கள். வழியனுப்பு விருந்தில் உறைக்குள் வைத்துக் கொடுத்த பிறகு பார்த்திருந்தால் திருத்த வழியில்லை. உங்கள் கல்லூரிப் பதிவேட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ, இரண்டையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் அச்சாவதற்கு முன் சரிபார்த்துவிடுங்கள்.

சான்றிதழோடு, பாடத்திட்டம், படிக்கச் சொன்ன நூல்களின் பட்டியல், மொத்த வகுப்பு மணிநேரம், மதிப்பெண் ஆகியவற்றையும் லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்குங்கள். உங்கள் கல்லூரி இந்தப் படிப்புக்குக் கிரெடிட் தர வேண்டுமென்றால் இந்தத் தாள்களைத்தான் கேட்கும். ஊரிலிருந்து ஒரு கையெழுத்துக்காக மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருப்பது பெரிய வேதனை.

படிப்புக்காகக் கொடுத்த மின்னஞ்சலும் கோப்புச் சேமிப்பும் படிப்பு முடிந்த பின் மூடப்படலாம். எல்லாவற்றையும் சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பல்கலைக்கழகத்தின் பாட்லியன் நூலகத்தில் புத்தகம் இரவல் தருவதில்லை, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். எனவே திருப்பித் தர ஒன்றும் இருக்காது. ஆனால் கல்லூரி நூலகத்தில் எடுத்தவை இருக்கும். கட்டிலுக்கு அடியிலும் பாருங்கள்.

பணம்

காசுகளை அங்கேயே செலவழியுங்கள். பவுண்ட் நோட்டுகளை நம் ஊரில் மாற்றலாம், நாணயங்களை யாரும் வாங்கமாட்டார்கள். ஒரு பவுண்ட், இரண்டு பவுண்ட் நாணயங்கள் பத்து சேர்ந்தாலே நல்ல தொகை. பெரிய கடைகளில், பணம் போடும் வசதியுள்ள தானியங்கிக் கவுன்ட்டரில் முதலில் சில்லறையைப் போட்டுவிட்டு மீதியை அட்டையில் கட்டலாம். உறவினர் யாராவது "எப்போதோ லண்டன் போனபோது மிஞ்சியது" என்று காகித நோட்டுகளைக் கொடுத்தனுப்பியிருந்தால் கடையில் நீட்டாதீர்கள். 2022 செப்டம்பர் 30க்குப் பிறகு இங்கிலாந்து வங்கியின் காகித நோட்டுகள் கடைகளில் செல்லாது. பாலிமர் நோட்டுகள் மட்டுமே.

லண்டனுக்குள் பஸ்ஸிலும் சுரங்க ரயிலிலும் சுற்ற ஆய்ஸ்டர் என்ற பயண அட்டை வாங்கியிருந்தால், மிச்சம் 10 பவுண்டுக்குள் இருக்கும்போது சுரங்க ரயில் நிலைய இயந்திரத்திலேயே திரும்பப் பெறலாம். இன்னொரு முறை வருகிற எண்ணம் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள பணம் காலாவதி ஆகாது. கடைகளில் கட்டிய வரியை விமான நிலையத்தில் திரும்ப வாங்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு காலத்தில் உண்மை. பிரிட்டனில் அந்த வசதி 2021 ஜனவரி 1 முதல் இல்லை.

சிம் விஷயத்தில் இரண்டு வேலை. மாதா மாதம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் திட்டமாக இருந்தால் ரத்து செய்யுங்கள். அந்த எண்ணை எந்தெந்தக் கணக்குகளில் கொடுத்தீர்களோ அவற்றையெல்லாம் ஊர் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். ஊருக்கு வந்தபின் கடவுச்சொல் எண் அந்த சிம்முக்குப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

மூன்று நாளைக்கு முன்: நன்றி அட்டைகள்

ஆங்கிலேயர்கள் அட்டை எழுதுகிற மக்கள். பிறந்தநாளோ நன்றியோ, நாலு வரி கைப்பட எழுதிய அட்டையை மதித்து, அலமாரிமேல் நிறுத்தி வைப்பார்கள். விலையுயர்ந்த பரிசு கொடுத்தால் சங்கடப்படுவார்கள். பத்து அட்டைகள் உள்ள ஒரு பொட்டலம் வாங்குங்கள். டியூட்டருக்கு ஒன்று, போர்ட்டர்களுக்குப் பொதுவாக ஒன்று, உணவுக்கூடத்தில் தினமும் உங்களுக்குச் சைவம் எது என்று பார்த்துச் சொன்னவருக்கு ஒன்று. என்ன உதவி செய்தார் என்பதைக் குறிப்பாக எழுதுங்கள்.

ஸ்கவுட்டை மறக்காதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் அறையைச் சுத்தம் செய்ய வருகிறவருக்கு அந்தப் பெயர். அட்டையோடு சிறு தொகை வைப்பவர்களும் உண்டு, கட்டாயமில்லை. என் படிக்கட்டுக்கு வந்த அம்மா கடைசி வாரத்தில் ஒரு நாள் ஒன்று சொல்லிக்கொடுத்தார். கிளம்பும் காலையில் படுக்கை விரிப்பு, போர்வை உறை எல்லாவற்றையும் உருவி, ஒரே தலையணை உறைக்குள் திணித்து, வாயை முடிச்சுப் போட்டுக் கதவருகே வைத்துவிட வேண்டும். அடுத்த குழு வருவதற்குள் அத்தனை அறைகளையும் முடிக்க வேண்டிய அவர் ஓர் அறையில் சில நிமிடம் மிச்சப்படுத்துவார். அவருக்கு அதைவிடப் பெரிய நன்றி வேறில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் விடைபெறாமல் வந்த இருவரில் ஒருவர் அவர். விடுமுறைத் திங்களன்று அவர் வேலைக்கு வரமாட்டார் என்பதை நான் யோசிக்கவில்லை.

கடைசி இரண்டு நாள்

எங்கெங்கே போகலாம் என்று நீளமாகப் பட்டியல் போட வேண்டாம். ஒரு காலைப் பொழுதை மட்டும் எனக்காக ஒதுக்குங்கள்.

ஜெரிகோ பகுதியில் வால்டன் வீதியிலிருந்து உள்வாங்கிப் போகும் ஒரு பாதையில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வீதியில் நடக்கும்போது கண்ணில் படாது, வாயிலைத் தேடித்தான் நுழைய வேண்டும். புல் வளர்ந்து, மரநிழல் விழுந்து, பெரும்பாலும் ஆளில்லாமல் இருக்கும். அங்கேதான் ஜி. யு. போப் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1839ல் நம் ஊருக்கு வந்து சாயர்புரத்திலும் தஞ்சாவூரிலும் ஊட்டியிலும் வாழ்ந்து, பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். திருக்குறளை 1886லும், திருவாசகத்தை 1900ல் தன் எண்பதாவது வயதிலும் ஆங்கிலத்தில் வெளியிட்டவர்.

அவர் கல்லறையில் "ஒரு தமிழ் மாணவன் இங்கே உறங்குகிறான்" என்று எழுதியிருக்கிறது என்று பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்திருப்போம். அந்த வரியைத் தேடித்தான் நானும் போனேன். கல்லில் அது இல்லை. அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், 1820ல் பிறந்து 1908ல் மறைந்தார் என்றும், இந்தக் கல்லை அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்தார்கள் என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு இங்கிருந்து யாரோ பணம் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கதையைவிட இந்த உண்மை பெரிதாகப் பட்டது. எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். மழை பெய்திருந்தால் காலணி நனையும், அதற்கேற்றபடி போங்கள்.

அங்கிருந்து ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான், நுழைவு இலவசம். திருமங்கையாழ்வாரின் பதினாறாம் நூற்றாண்டு வெண்கலச் சிலை 1967 முதல் அதன் சேகரிப்பில் இருந்தது. கும்பகோணம் பக்கத்துக் கோயிலுக்குரியது என்று இந்தியா கேட்டதன் பேரில், திருப்பித் தர 2024ல் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. இந்தியக் கூடத்தில் நிற்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கடைசி இரவு 9 மணிக்கு செயின்ட் ஆல்டேட்ஸ் வீதிக்குப் போய் நில்லுங்கள். கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக் கோபுரத்தின் கிரேட் டாம் மணி தினமும் 9.05க்கு 101 முறை அடிக்கும். லண்டன் நேரத்துக்கு ஆக்ஸ்ஃபோர்ட் ஐந்து நிமிடம் பின்தங்கியது என்ற பழைய கணக்கில் அவர்களுக்கு அதுதான் 9 மணி. உடன் படித்தவர்களோடு நின்று எண்ணுங்கள். நாங்கள் ஐந்து பேர் எண்ணினோம், நாற்பதுக்கு மேல் யாரும் பேசவில்லை.

கிளம்பும் நாள்

சாமான்களை எடுத்தபின் அறையை நான்கு மூலையிலிருந்தும் படமெடுங்கள். சுவரில் ஒட்டிய படங்களின் பசைக் கறைக்குக் கூடப் பணம் பிடிப்பார்கள். கதவுக்குப் பின்னால் உள்ள கொக்கி, குளிர்பெட்டி, சார்ஜர் சொருகிய இடம் மூன்றையும் பாருங்கள். ஜாம், மார்மலேட், தேன் எல்லாம் விமானக் கணக்கில் திரவம். கைப்பையில் வைத்தால் சில விமான நிலையங்களில் பறிபோகலாம், பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள்.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு குளோஸ்டர் கிரீன் பஸ் நிலையத்திலிருந்து நேரடி கோச் (நெடுந்தூரப் பஸ்) இருக்கிறது. ஹை ஸ்ட்ரீட்டிலும் நிற்கும், பெட்டியை அதிக தூரம் இழுக்க வேண்டியதில்லை. சுமார் ஒன்றரை மணி நேரப் பயணம், ஆனால் வெள்ளி மாலையில் நெடுஞ்சாலை அடைத்துக்கொள்ளும். விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னதாகவே கோச்சில் ஏறிவிடுங்கள். டெர்மினல் எண்ணை டிக்கெட்டில் பார்த்துவிட்டு இறங்குங்கள். தவறி இறங்கினாலும் டெர்மினல்களுக்கு நடுவே ரயிலில் இலவசமாக மாறலாம்.

சோதனை முடிந்ததும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிற கவுன்ட்டரைத் தேடி அலையாதீர்கள். பிரிட்டனை விட்டு வெளியேறும்போது முத்திரை கிடையாது, பயணிகள் விவரத்தை விமான நிறுவனமே அரசுக்கு அனுப்பிவிடுகிறது. நீங்கள் எந்தத் தேதியில் கிளம்பினீர்கள் என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் சான்று போர்டிங் பாஸ்தான். அடுத்த முறை எந்த நாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தாலும் பயணத் தேதிகள் கேட்பார்கள். அதைப் படமெடுத்து, அசலைச் சான்றிதழ் உறைக்குள் போட்டுவையுங்கள்.

ஊர் வந்த முதல் வாரத்துக்குள் டியூட்டருக்கு ஒரு சிறு மின்னஞ்சல் எழுதுங்கள்: நல்லபடி வந்து சேர்ந்தேன், நீங்கள் சொன்ன அந்த நூலைத் தொடங்கிவிட்டேன். நான் அப்படி எழுதியதற்கு மறுநாளே பதில் வந்தது, கூடவே அடுத்துப் படிக்க இரண்டு நூல்களின் பெயரும்.